முதல் இசைநூல்

செம்பூர்ச் சிறுவர்களின் செவிகளில் இருவகை இசை விழுகிறது. பள்ளியில் ஆர்மோனியத்துடன் இந்துஸ்தானி இசையின் ‘ச ரே க ம’ ஒலிக்கிறது. மாலையில் பாட்டு வகுப்பில் கர்நாடக இசையின் ‘ச ரி க ம’ ஒலிக்கிறது. ஆகவே, முதல் இசைநூலைத் தேர்ந்தெடுக்கும்போது சென்னை மாணவர் அதிகம் எண்ணிப் பாராத ஒரு சிக்கல் இவர்களுக்கு உண்டு.

அச்சிக்கல் ‘சுத்த’ என்னும் சொல்லில் இருக்கிறது. இந்துஸ்தானி இசையில் சுத்த ரிஷபம் என்பது உயர்ந்த ரிஷபம். அதனினும் தாழ்ந்தது கோமள ரிஷபம். கர்நாடக இசையிலோ அந்தத் தாழ்ந்த ரிஷபத்துக்கே சுத்த ரிஷபம் என்று பெயர். கர்நாடக இசையின் முதற்பாடமாகிய சரளி வரிசை, மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அதில் ரிஷபமும் தைவதமும் தாழ்ந்தே ஒலிக்கும். இதனை அறியாத மாணவர், நூலில் ‘ரி’ என்று கண்டதும் பள்ளியில் பழகிய ரிஷபத்தையே பாடிவிடுவர். நாவில் படிந்த பிழையை நீக்குவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். எனவே, ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் இராகம், தாளம், சுரத்தானங்கள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடும் நூலே தொடக்க நிலைக்கு ஏற்றது.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூலால் வேறொரு நன்மையும் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது தமிழ் இலக்கணம். இசைநூலிலும் ‘க’ என்பது ஓர் எண்ணிக்கை. ‘கா’ என்பது இரண்டு. இலக்கண வகுப்பில் கற்றது பாட்டு வகுப்பிலும் உதவுகிறது! எழுத்தின்மேல் புள்ளி இருந்தால் மேல் தாயி. கீழே இருந்தால் கீழ்த் தாயி. ஆனால், மராத்தி, இந்தி எழுத்துகளில் பழகிய கண்கள் ஒன்றை மறத்தலாகாது. காந்தாரத்தைக் குறிக்கும் ‘க’வைத் ‘தங்கம்’ என்னும் சொல்லின் ககரம் போலவும், தைவதத்தைக் குறிக்கும் ‘த’வைப் ‘பந்து’ என்னும் சொல்லின் தகரம் போலவும் மெலிதாக ஒலித்தல் வேண்டும்.

பெருநூல்கள் முதல் நூல்கள் ஆகா. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. மும்பையில் பிறந்த இசையறிஞர் பாத்கண்டே எட்டயபுரத்துக்கே சென்று அவரைச் சந்தித்தார். ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் தஞ்சையில் வெளிவந்தது. அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராயும் இந்நூல்களைச் சரளி வரிசை பயிலும் சிறுவர் கையில் கொடுப்பது பொருந்தாது. ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயரின் ‘கானாமிருத போதினி’ சிறியது; சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறுகிறது. ஆங்கிலத்தில் விரிவாகப் படிக்க விரும்பும் மாணவர், பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் ‘சௌத் இந்தியன் மியூசிக்’ நூலின் முதற்பகுதியைப் பின்னர் நாடலாம். அது ஆறு பகுதிகள் கொண்டது.

மாட்டுங்காவின் கடையில் நூலைக் கையில் எடுத்ததும் விலையையோ அட்டையையோ பார்ப்பதற்குமுன், ஒரு வரியைத் தாளம் போட்டு எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை சரியாக வந்தால் அந்நூலின் குறியீடுகள் மாணவருக்குப் புரிகின்றன.

பயிற்சி

1. ‘ச ரி கா ம ப தா’ என்னும் வரியில் மொத்தம் எத்தனை எண்ணிக்கைகள் உள்ளன?

2. ஆதி தாளம் நான்கு, இரண்டு, இரண்டு எனப் பிரியும். மேற்கண்ட வரியில் பிரிவுக் கோடுகளை இடுக.