போர்ட்டிகோவில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றுபோனது. ஆனாலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் உறை போர்த்திய அம்பாசிடரோ, பியட்டோ, வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டோ இன்றும் கண்ணில் படுகிறது. இதில் ஆச்சரியம் இல்லை. பாடியில் 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., அடுத்த ஆண்டு பிரேக்ஸ் இந்தியா, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வளர்ந்த ஊர் இது. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தும் ஸ்பேனரை எடுப்பவர்கள் இங்கே நிறைய. அவர்களில் ஒருவனாக எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பழைய காரைக் காய்கறி வாங்கக்கூட எடுத்துப் போக வேண்டும். உறைக்குள்ளேயே நிற்கும் கார்தான் சீக்கிரம் கெடும்.

1. தினமும் காலையில் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதை முதலில் விடுங்கள். பழைய வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. ஐடிலிங்கில் அது பேட்டரிக்கு ஒன்றும் பெரிதாகக் கொடுக்காது. செல்ஃப் அடித்துச் செலவான மின்சாரம்கூடத் திரும்ப ஏறாது. சைலென்ஸருக்குள் தண்ணீர் தங்கித் துருப்பிடிப்பதுதான் மிச்சம். வாரம் ஒருமுறை ஆவடியிலிருந்து பூந்தமல்லி போய்த் திரும்பினால் சுமார் 20 கிலோமீட்டர் ஆகும். இன்ஜினுக்கு அது போதும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவே விடாதீர்கள். புகை உயிருக்கு ஆபத்து.

2. ஐடிலிங்கில் டைனமோ பெரிதாகக் கொடுக்காது என்ற இதே காரணத்தால், ராத்திரி எம்.டி.எச். ரோட்டு நெரிசலில் ஊரும்போது ஹெட்லைட்டும் வைப்பரும் ஃபேனும் ஒன்றாக ஓடினால் பேட்டரி இறங்கிவிடும். வேண்டாததை அணையுங்கள். சிக்னலில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டிருந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையும்.

3. சித்திரை வெயிலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி திக்கித் திக்கி நின்றால் பதறாதீர்கள். பைப்பில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் காற்றை இழுக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்து, நனைத்துப் பிழிந்த துணியைப் பெட்ரோல் பம்ப் மேலும் அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பைப் மேலும் சுற்றுங்கள். கால் மணி நேரம் நிழலில் நின்று மோர் குடியுங்கள். பக்கெட் தண்ணீரைக் கவிழ்க்காதீர்கள். டெல்கோ நனைந்தால் புது வியாதி வரும். டிக்கியில் ஒரு பழைய காடாத் துணி எப்போதும் இருக்கட்டும்.

4. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், பிறகு வெடிக்கும். ஹோஸை வளைத்துப் பாருங்கள். மெல்லிய கீறல் தெரிந்தாலோ, காலையில் பெட்ரோல் வாசனை வந்தாலோ அன்றே மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் காலங்காலமாய்ப் படிந்த கசடையும் கிளப்பிவிடும். அதனால் உள்ளே தெரியும்படியான சின்ன ஃபில்டர் ஒன்றைப் பெட்ரோல் பைப்பில் போடுங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

5. பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடிக்கு ஆப்ப சோடாவும் வெந்நீரும் போதும். வயரைக் கழற்றித் தேய்த்து, துடைத்து, காய்ந்த பின் மாட்டி வாஸ்லைன் தடவுங்கள். சில பழைய வண்டிகளில் பாடியோடு இணைவது பாசிட்டிவ் முனை. இது தெரியாமல் மொபைல் சார்ஜரோ ரேடியோவோ மாட்டினால் புகைதான். பக்கத்து வீட்டுப் புதுக் காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யும் முன்பும் இதைப் பாருங்கள்.

6. குரோம் பம்பரில் துருப்புள்ளியா? சமையலறை அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேயுங்கள். புளி, எலுமிச்சை எல்லாம் பித்தளைக் குத்துவிளக்கோடு நிற்கட்டும்.

7. "பாயிண்ட்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் போட்ரலாமா சார்?" என்று எல்லா மெக்கானிக்கும் கேட்பார்கள். போடலாம், தப்பில்லை. நான் போடமாட்டேன். எலக்ட்ரானிக் நின்றால் டோ வண்டி வர வேண்டும். பாயிண்ட் நின்றால் மடித்த எமரி ஷீட்டால் இரண்டு இழுப்பு இழுத்து, விசிட்டிங் கார்டால் தூசியைத் துடைத்து, ஃபீலர் கேஜில் ஆயிரத்தில் 15 இன்ச் வைத்தால் அம்பாசிடர் கிளம்பிவிடும். லேத் பட்டறையில் அதைத்தான் 15 தௌ என்பார்கள்.

8. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் வண்டியில் கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். பிடியைச் சுற்றி வளைக்காதீர்கள். இன்ஜின் உதைத்தால் கட்டைவிரல் எலும்பு போகும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள்.

9. மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் நின்றது. எச்சரிக்கை வந்ததும் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் ஏறி இறங்கிய வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. டிப்ஸ்டிக்கை இழுங்கள், ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இன்சூரன்ஸுக்குப் படம் எடுத்த பிறகே துடையுங்கள். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் டிரம் பிரேக் பிடிக்காது. முதல் கியரில் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி அழுத்தி விட்டால் காயும்.

10. பழைய கார் வாங்கப் போகும்போது ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, வீல் வளைவு, டிக்கித் தரை இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறவர்களுக்கு என் அனுதாபம்.

11. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. என்ற விண்டேஜ் நம்பர் வாங்க 2021 முதல் வழி இருக்கிறது. ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடலாம், ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம். தினசரி ஓட்ட முடியாது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்வதே மேல். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பைப் பேசி, பாலிசியில் எழுதி வாங்குங்கள்.

12. முகூர்த்த மாதத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கேட்டுச் சொந்தக்காரர்கள் வருவார்கள். வெள்ளை போர்டு வண்டிக்கு வாடகை வாங்கினால் சட்டப்படி தப்பு. விபத்தானால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். சும்மா கொடுங்கள். பூச்சரத்தைக் கம்பியால் கட்டவும் பெயிண்டில் செல்லோடேப் ஒட்டவும் விடாமல், நூல் கண்டை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஸ்டியரிங்கை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஸ்டியரிங் கியர் பழகாத பையன்கள் ரிவர்ஸைத் தேடுவதற்குள் நாதஸ்வரம் மண்டபத்துக்குள் போய்விடும்.