மண்ணின் போர்வை

சேர்வராயன் மலையில் வெண்பனி பெய்வதில்லை. ஆயினும், வடதுருவத்தை அடுத்த துந்திரா நிலத்தின் இயல்பொன்றை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நின்றே நாம் உணரலாகும்.

துந்திராவில் பனியடுக்கின் ஆழத்தைக் கோலூன்றி அளப்பர். குறித்த அளவு பனியை நிறுத்து அடர்த்தியும் காண்பர். பனித்துகள்களிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் குளிர்காலத்தில் ஆழ்ந்து நொய்தாய்ப் படிந்த பனியின்கீழ் மண் கடுங்குளிர்க்குத் தப்பும். பனி குறைந்தவிடத்தோ மிகக் குளிரும். நெடுங்காலம் உறைந்த மண் இளகின், அதிலடங்கிய தாவரப்பொருள் மட்கிக் கரியமிலவாயுவை வெளிவிட்டு உலகின் வெப்பத்தை மிகுவிக்கும்.

ஏற்காட்டில் நிழல்மரங்கள் உதிர்க்கும் சருகே போர்வை. அது வெயிலைத் தடுத்து, மழைத்துளியின் தாக்குதலைத் தாங்கி, சரிவின் மண்ணைக் காக்கின்றது. சருகை வாரியகற்றுவோர் மண்ணையே மழைக்கு ஈவோராவர். அளவுகோலும் வெப்பமானியுங் கொண்டு, சருகுள்ள இடத்தையும் அற்ற இடத்தையும் நாம் ஒப்பிட்டறிவோமாக.