சுருளுக்குள் உறங்கும் வரலாறு

நுழையும்முன்

கடையில் பெறும் சில்லறையை எண்ணிப் பார்க்கிறோம், உற்றுப் பார்ப்பதில்லை. மதிப்பு ஒன்றாயின் நாணயங்களும் ஒன்றே எனக் கருதிவிடுகிறோம். அவ்வாறு கருதாத ஆர்வலர் பலர் அமெரிக்காவில் உள்ளனர். வங்கி தரும் நாணயச் சுருள்களைப் பிரித்து, அரிய காசுகளைத் தேடுவது அவர்களது பொழுதுபோக்கு. அத்தேடலின் வழியே வரலாற்றையும் பொருளியலையும் கற்பதே இப்பாடம்.

தேடும் முறை

அமெரிக்க வங்கிகள் நாணயங்களைக் காகிதத்தில் உருளை வடிவில் சுற்றி வழங்குகின்றன. ஒரு சென்ட் நாணயங்கள் 50, கால் டாலர் நாணயங்கள் 40, அரை டாலர் நாணயங்கள் 20 என ஒவ்வொரு சுருளுக்கும் அளவு உண்டு. பத்து டாலர் தாளைக் கொடுத்தால் அரை டாலர் சுருள் ஒன்றைப் பெறலாம். தேடுவோர் அதனைப் பிரித்து ஆண்டு, அக்கசாலைக் குறி, விளிம்பு ஆகியவற்றை ஆராய்வர். விரும்பியதை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை வங்கியில் செலுத்துவர். முகமதிப்பு குறையாததால் பணம் வீணாவதில்லை. செலவாவன பொழுதும் பொறுமையுமே.

விளிம்பு உணர்த்தும் மாற்றம்

1964 வரை ஆண்டு பொறிக்கப்பட்ட பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. வெள்ளித் தட்டுப்பாட்டால் 1965இல் புதிய நாணயச் சட்டம் இயற்றப்பட்டது. பத்து சென்ட், கால் டாலர் நாணயங்களிலிருந்து வெள்ளி முற்றிலும் நீக்கப்பட்டது. அரை டாலரில் அது 40 விழுக்காடாகக் குறைந்து, 1970 வரை நீடித்தது. பழைய வெள்ளி நாணயத்தின் விளிம்பு வெண்மையாக இருக்கும். வெள்ளியற்ற புதிய நாணயத்தின் விளிம்பில் செம்பின் நிறம் கோடாகத் தெரியும்.

வெள்ளி நாணயங்களை மக்கள் சேமித்து வைத்தனர்; புதியவற்றைச் செலவழித்தனர். ‘மட்டமான பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும்’ என்னும் கிரெஷாம் விதிக்கு இது தக்க சான்று. ஆயினும் அவ்விதிக்குத் தப்பியவையும் உள. கென்னடியின் உருவம் தாங்கி 1964இல் வெளிவந்த அரை டாலரைப் பலர் நினைவுப்பொருளாகப் பாதுகாத்தனர். கடைகளில் அரை டாலரின் புழக்கம் அருகியது. பல கைகள் மாறாமல் வங்கிகளில் தங்கியதால், அந்தச் சுருள்களில் இன்றும் எப்போதாவது வெள்ளி அகப்படுகிறது.

போரின் சுவடுகள்

இரண்டாம் உலகப்போரில் செம்பும் நிக்கலும் படைத்தேவைக்கு வேண்டியிருந்தன. அதனால் 1943இல் ஒரு சென்ட் நாணயம் துத்தநாகம் பூசிய எஃகினால் அச்சிடப்பட்டது. 1942ஆம் ஆண்டின் இடையிலிருந்து 1945 வரை ஐந்து சென்ட் நாணயத்தில் நிக்கல் நீக்கப்பட்டு, 35 விழுக்காடு வெள்ளி சேர்க்கப்பட்டது. இதனை அடையாளம் காட்டவே, பின்புறக் கட்டடத்தின் குவிமாடத்திற்கு மேல் அக்கசாலைக் குறி பெரிதாகப் பொறிக்கப்பட்டது. போர்க்களம் காணாத மனிதரின் சட்டைப்பையிலும் போர் இவ்வாறு இடம்பெற்றது.

விலையும் மதிப்பும்

பெரும்பாலான சுருள்களில் அரியது எதுவும் இராது. நூறு காசுகளைப் புரட்டியபின், கோதுமைக் கதிர் பொறித்த தேய்ந்த சென்ட் ஒன்று கிடைக்கலாம். 1909 முதல் 1958 வரை அச்சிடப்பட்ட அவ்வகையில் மிகுதியானவற்றின் விலை சில சென்ட்டுகளே. எனினும் கண்டவர் மகிழ்கிறார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ கைகளைக் கடந்த ஒன்றைத் தம் கண்ணே கண்டறிந்தது என்னும் நிறைவே அம்மகிழ்ச்சிக்குக் காரணம். அக்காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதை நாணயவியலார் விரும்புவதில்லை. காலம் படிந்த நிறமும் அதன் வரலாறே.

2025இல் புழக்கத்திற்கான ஒரு சென்ட் நாணயத்தை அச்சிடுவதை அமெரிக்கா நிறுத்தியது. கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் பழக்கமும் பெருகிவருகிறது. திரையில் தோன்றும் எண்ணுக்கு ஆண்டும் இல்லை, தேய்மானமும் இல்லை. காசுகள் கைக்கு வரும் காலத்திலேயே அவற்றைப் படித்தறிதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க நாணயத்தில் ‘டி’ என்பது டென்வரையும், ‘எஸ்’ என்பது சான் பிரான்சிஸ்கோவையும் குறிக்கும். நாணயத் தேடலை ஊக்குவிக்க, வெஸ்ட் பாயின்ட் அக்கசாலையின் ‘டபிள்யூ’ குறியுடைய கால் டாலர் நாணயங்கள் 2019, 2020ஆம் ஆண்டுகளில் புழக்கத்தில் விடப்பட்டன.

கற்பவை கற்றபின்

1. இந்திய நாணயங்களில் ஆண்டின் கீழ் வைர வடிவம் மும்பையையும், விண்மீன் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும், குறியற்றது கொல்கத்தாவினுடையது. வீட்டிலுள்ள சில்லறையை இவ்வாறு வகைப்படுத்திப் பட்டியலிடுக.

2. ‘ஒரு பொருளின் விலையும் மதிப்பும் ஒன்றா?’ – வகுப்பில் கலந்துரையாடுக.