புகார் அரங்கமும் கானற் கரையும்

கடற்கரைப் பட்டினம் ஒன்றில் மக்கள் மாலைப்பொழுதை ஆடலாலும் பாடலாலும் எங்ஙனம் துய்த்தனர் என்று அறிய விழைவார் சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்தை எடுத்துப் படித்தல் வேண்டும். அதன்கண் இரு மாலைகள் உள்ளன. ஒன்று அரங்கேற்று காதையில் மாதவி சோழ மன்னன் முன்னர் ஆடியது. மற்றொன்று கானல்வரியில் அவளும் கோவலனும் கடற்கரையில் தனித்திருந்து யாழ் மீட்டியது. இவ்விரண்டையும் ஒப்புநோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

முன்னதாக அரங்கத்தின் அளவைக் காண்போம். பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று என அரங்கம் வகுக்கப்பட்டது. தளத்திற்கும் மேலே இட்ட பலகைக்கும் இடையே நான்கு கோல். ஒரு விரலை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொள்வோமாயின், அகலம் 14 அடி, நீளம் 16 அடி, உயரம் 2 அடி, மேற்பலகை 8 அடி உயரம் என வரும். இஃது ஒரு நடுத்தர வகுப்பறையினும் பெரிதன்று! காவியத்திற் கூறப்பட்டமையால் பேரரங்கமாகவே இருத்தல் வேண்டும் என்று எண்ணுவார் பலர். கணக்கிட்டுப் பார்ப்பார் சிலர். இச்சிறுமை குறையன்று. கண்ணும் கைவிரலும் பேசுகின்ற கலை, அவற்றைத் தெளிவாகக் காணும் சேய்மைக்குள் இருப்பவர்க்கே உரியது. விளக்கும் அக்கருத்தோடே அமைந்தது: தூணின் நிழல் ஆடுகளத்திலும் அவையிலும் விழாவண்ணம் அதனை ஏற்றினர்.

திரைகள் மூன்று: ஒருபுறத்தினின்று வருவது ஒருமுக எழினி, இருபுறத்தினின்றும் வந்து பொருந்துவது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இசைக்கருவிகளும் ஒன்றையொன்று தொடர்ந்தன. குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, தண்ணுமையின் வழியே முழவு என ஆசிரியர் நிரல்படுத்துகின்றார். ஒருவன் மற்றவனைக் கேட்டே தான் வாசித்தல் வேண்டும் என்பது இதனாற் போதரும். ஐந்தாம் ஆண்டிற் பயிலத் தொடங்கிப் பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறிய மாதவி, தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள்.

இனி இரண்டாம் மாலை. இந்திர விழாவின் முடிவில் நகரமாந்தர் கடலாடச் செல்கின்றனர். கோவலனும் மாதவியும் அங்கே தனியிடத்து அமர்கின்றனர். மாதவி யாழைத் திருத்திக் கோவலனிடம் நீட்ட, அவன் காவிரியைப் பாடி, பின்னர்க் கானல்வரி பாடுகின்றான். அவன் உள்ளத்தில் வேறொருத்தி உளள் என்று மாதவி கொள்கின்றாள். அவளும் யாழை வாங்கி, வேறு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அவன் அதனை மெய்யெனக் கொண்டு அவளை நீத்துச் செல்கின்றான். மதுரைத் தீயின் முதற்பொறி இங்கே விழுந்தது எனலாம்.

இதன் காரணம் யாது? கோவலன் தீயன் என்றும், மாதவி ஊடினாள் என்றும், ஊழ் உருத்தது என்றும் கூறுவர். யான் அகப்பொருள் இலக்கணத்தினின்றே ஒரு விடை காண முயல்கின்றேன். அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியம். அவையின்கண் இவ்விதி பெரிதும் நன்று. பெயரற்ற காதலி எல்லார்க்கும் பொதுவாவள். ஆயின் கேட்பவள் ஒருத்தியே ஆகுங்கால், அவ்வெற்றிடத்தில் அவள் அஞ்சும் பெயரே வந்து அமரும். அரங்கிலே மரபாக இருந்தது கரையிலே குற்றச்சாட்டாயிற்று. பாட்டு மாறவில்லை, கேட்பார் தொகையே மாறிற்று. கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடையாமற் போனமை நம்மனோர்க்குப் பேரிழப்பு.

அண்மை இங்ஙனம் கலையை மெய்யாக்கிவிடும் என்பதைக் காண விழைவார் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளுக்கு வருக. கடலுக்கு நெடுந்தொலைவான எங்கள் கன்னட நாட்டு எல்லையில் திரௌபதியம்மன், தர்மராசர் கோயில்களில் பாரதக் கூத்து இரவுதோறும் விடியுமளவும் நிகழும். பிரசங்கியார் பகலிற் கதை சொல்வார். இரவில் கூத்தர் ஆடுவர். மேடை வேண்டுவதில்லை, மண் தரையே களம். இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன்பின் வேடதாரி பாடிக்கொண்டே தோன்றுவான். எழினியின் எளிய உறவு இதுவென்றே எனக்குப் படுகின்றது. இறுதிநாளிற் படுகளத்திலே மண்ணாற் பெருவடிவாகச் செய்த துரியோதனன் கிடப்பான். பல ஊர்களிற் பெண்டிர் அவனைத் துடைப்பத்தால் அடிப்பர். அவர்களைப் பார்த்து நகைக்கும் பட்டதாரிகள் மாதவியையும் நகைத்தல் வேண்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஊரார் ஒருங்கே கூடி மெய்யெனக் கொண்ட பகை விடியலிற் கூத்தோடே முடிகின்றது. இருவர் தனித்துக் கொண்ட ஐயம் முடியவில்லை.

சென்னையில் 1891-ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் முதலாயினோர் சுகுண விலாச சபையை நிறுவினர். அவ்வாண்டிற் பல்லாரியினின்று வந்த தெலுங்கு நாடகக் குழுவே முதலியார்க்கு ஊக்கம் தந்தது. கடற்கரைப் பட்டினத்தார்க்கு நாடக ஆர்வம் உள்நாட்டு எல்லையினின்று சென்றது கருதற்பாலது. 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் நிறுவிய கூத்துப்பட்டறையும் புரிசைக் கூத்தரிடம் பயின்றது.

ஓசூரிலே தொழிற்சாலைகள் மிக்கமையால், இரவு முறைப்பணிக்குச் செல்வோர் பாதிக் கூத்தில் எழுந்து செல்லுதல் இயல்பாயிற்று. ஆதலின் கூத்தை இரண்டு மணிநேர மாலை நிகழ்ச்சியாகச் சுருக்கலாம் என்பார் உளர். யான் அதனை முற்றும் மறுப்பேன் அல்லேன். புகார் அரங்கமும் நகரத்தார்க்கென வரையறுத்து அமைந்ததே. ஆனாற் சுருக்குவோர் காலத்தைச் சுருக்குக, இடத்தைப் பெருக்கற்க. ஆயிரம் நாற்காலி இட்ட மண்டபத்திற் கடைசி வரிசையான் ஒலிபெருக்கியைக் கேட்பானன்றிக் கூத்தனைக் காணான். பதினான்கடி அகலக் களமும், அதைச் சுற்றிப் பாய்விரித்து அமரும் இருநூறு பேரும் போதும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் அடுத்தடுத்து அமர்ந்திருப்பினும், பாஞ்சாலி சபையில் நிற்கும்பொழுது எவர்க்கும் மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.