இந்தச் சான்று எந்தக் கேள்விக்கு?

பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையிலான மாணவர்கள் எழுதும் வாதக் கட்டுரைகளில் சான்றே இல்லாதவை குறைவு. இருக்கும் சான்று எந்த வேலையும் செய்யாமல் நிற்பதுதான் பெரும்பாலும் காணப்படும் குறை. ஒரு கருத்தைச் சொல்லி, இணையத்தில் கிடைத்த ஓர் எண்ணை அதன் கீழே வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும் மாணவரின் தாளில் ஆசிரியர் ‘சான்று போதாது’ என்று ஓரத்தில் எழுதினால், அடுத்த முறை ஓர் எண்ணுக்குப் பதில் மூன்று எண்கள் வந்து சேருமே ஒழிய, வாதம் வலுப்பெறுவதில்லை. கோபன்ஹேகனின் தென்மேற்குப் புறநகரான ஹ்விடோவ்ரேயிலும், டென்மார்க்கின் பொதுப் பள்ளிகளான ஃபோல்கஸ்கோலக்கள் இயங்கும் பிற ஊர்களிலும், தமிழ்ப் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கும் வகுப்புகள் உட்பட, இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்பதற்கு உள்ளூரிலேயே வளமான பொருள் கிடைக்கிறது.

டேனிஷ் மொழிப் பாடத்தின் மேல்வகுப்புகளில், அதாவது ஏழு முதல் ஒன்பது வரை, வாதத்தை மூன்று உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் வழக்கம் உள்ளது. எழுதுபவர் நிலைநாட்ட விரும்பும் கூற்று முதல் உறுப்பு. அதற்கு ஆதாரமாக அவர் காட்டும் செய்தி இரண்டாவது. அச்செய்தி அக்கூற்றை ஏன் தாங்குகிறது என்று விளக்கும் இணைப்பு நியாயம் மூன்றாவது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில் வகுத்த ஆறு உறுப்பு அமைப்பிலிருந்து பள்ளிக்கென எடுத்துக்கொண்ட சுருக்கம் இது. தமிழ் மரபுக்கு இது புதிதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம் (கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்னும் உறுப்புகளை விளக்குவதோடு, அவை ஒவ்வொன்றும் பொய்த்துப் போகும் வகைகளைப் ‘போலி’ என்ற பெயரால் தனித்தனியே தொகுத்தும் தருகிறது. பிழையான வாதத்தைப் பெயரிட்டு அடையாளம் காட்டும் அந்தப் பட்டியல் ஏழாம் வகுப்பு மாணவருக்கும் பயன்படக்கூடியது என்பது இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

மூன்று உறுப்புகளில் முதல் இரண்டையும் மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள், மூன்றாவதில்தான் சறுக்குகிறார்கள். ஆகவே கற்பிக்கும் நேரத்தின் பெரும்பகுதி அதற்கே செலவாக வேண்டும்.

ஹ்விடோவ்ரே மாணவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் எடுத்துக்காட்டு, அவெடோர ஹோல்ம என்னும் தொழிற்பகுதிக்குத் தெற்கே கடலில் ஒன்பது செயற்கைத் தீவுகளை உருவாக்கும் திட்டம். 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் சுமார் 30 லட்சம் சதுர மீட்டர் புதிய நிலம், 380 நிறுவனங்கள், 12,000 வேலைவாய்ப்புகள் ஆகியவை எதிர்பார்க்கப்பட்டன; பணி 2022இல் தொடங்கி 2040இல் முடியும் என்றும் சொல்லப்பட்டது. இத்தீவுகள் வேண்டுமா என்று எழுதச் சொன்னால், வேண்டும் என்போரில் பெரும்பாலோர் ‘ஏனெனில் 12,000 பேருக்கு வேலை கிடைக்கும்’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அந்த எண்ணைக் கணக்கிட்டவர் யார், எப்போது, எதற்காக என்ற மூன்று கேள்விகளை ஆசிரியர் எழுப்பும்போது, அது எண்ணிப் பார்த்துச் சொன்ன தொகையல்ல, திட்டத்தை முன்வைத்தோரின் மதிப்பீடு என்பது மாணவருக்குப் புலப்படுகிறது. வேலை கிடைக்கும் என்பதற்கு அது வலுவற்ற சான்று. திட்டத்தார் எவ்வளவு எதிர்பார்த்தார்கள் என்பதற்கோ மறுக்க முடியாத சான்று. பணி 2022இல் தொடங்கவில்லை என்பதையும் தேடிக் கண்டறிந்த மாணவர், ‘திட்டத்தை அறிவித்தவர்கள் 12,000 வேலைகளை எதிர்பார்த்தார்கள், ஆனால் அதே அறிவிப்பில் சொன்ன தொடக்க ஆண்டு தவறிவிட்டதால், அந்த எண்ணை உறுதியான வாக்குறுதியாகக் கொள்ள முடியாது’ என்று திருத்தி எழுதினால், முதல் வடிவத்தில் இல்லாத இணைப்பு நியாயம் அங்கே பிறந்துவிடுகிறது.

இதே திட்டம் மற்றொரு நுட்பத்தையும் கற்பிக்கிறது. கடல்மட்டம் உயர்கிறது என்ற செய்தியை ஒரு மாணவர், புயல் அலையிலிருந்து கரையைக் காக்கத் தீவுகள் அரணாக நிற்கும் என்று ஆதரவுக்குக் காட்டுகிறார். அவெடோர ஹோல்மவே கடலை அணைகட்டித் தடுத்து மீட்ட தாழ்நிலம் என்பதை அறிந்த இன்னொருவர், அத்தகைய நிலத்தை மேலும் பெருக்குவது ஆபத்து என்று அதே செய்தியை எதிர்ப்புக்குக் காட்டுகிறார். ஏது ஒரு பக்கத்தில் மட்டும் நிற்காமல் எதிர்ப்பக்கத்துக்கும் செல்வதை மணிமேகலை அநைகாந்திகம் என்னும் ஏதுப் போலியாக வகைப்படுத்துகிறது. ஒவ்வொரு சான்றையும் எழுதி முடித்தவுடன் பக்கத்து இருக்கை மாணவரிடம் கொடுத்து, அதை எதிர்த்தரப்புக்குப் பயன்படுத்திக் காட்டச் சொல்லும் பயிற்சி, எந்தச் சான்றுக்குக் கூடுதல் விளக்கம் தேவை என்பதை ஆசிரியரின் சிவப்பு மையைவிட விரைவாக வெளிப்படுத்துகிறது.

எழுத்துப் பாடத்தோடு வரலாற்றுப் பாடத்தையும் சேர்த்து நடத்துவது இங்கே பெரிதும் உதவும். டேனிஷ் வரலாற்றறிஞர் கிறிஸ்டியன் எர்ஸ்லெவ் 1911இல் வெளியிட்ட வரலாற்று முறையியல் நூல் அந்நாட்டின் மூலத் திறனாய்வுக்கு, அதாவது ஓர் ஆவணத்தை நம்பும் முன் அதை விசாரிக்கும் முறைக்கு, அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்று. அம்மரபில் ஓர் ஆவணத்தை இரு வழிகளில் அணுகலாம்: அது தெரிவிக்கும் செய்திக்காக வாசித்தால் அது எடுத்துரைப்பு, அது தோன்றிய சூழலின் தடயமாக வாசித்தால் எச்சம். ஒரே ஆவணம் கேட்கப்படும் கேள்விக்கேற்ப இரண்டாகவும் நிற்கும்.

இதை டென்மார்க்குத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்ட, அவர்கள் குடும்பங்களோடு நேரடித் தொடர்புடைய ‘தமிழர் வழக்கு’ இருக்கிறது. நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987இல் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்காமல் நிறுத்திவைக்கச் செய்தார். அது 1983ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டம் வழங்கிய உரிமைக்கு முரணானது. பிரதமர் பௌல் ஸ்லூட்டர் 1989 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் பேசியபோது, எதுவும் கம்பளத்துக்கு அடியில் தள்ளி மறைக்கப்படவில்லை என்றார். நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையிலான விசாரணையின் சுமார் 6,000 பக்க அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானபோது ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி எனத் தீர்மானித்து நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

அமைச்சகம் எதையும் மறைத்ததா என்பது கேள்வியானால், பிரதமரின் பேச்சு அந்த விவகாரத்தில் தன்னலம் உள்ள ஒருவரின் எடுத்துரைப்பு மட்டுமே. அதைச் சான்றாக வைக்கும் கட்டுரை சரிந்துவிடும். பிரதமர் நாடாளுமன்றத்திடம் என்ன சொன்னார் என்பது கேள்வியானால், அதே பேச்சின் அவைப்பதிவு முதல்தரச் சான்று. அரசு வீழ்ந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்பதை மாணவர்கள் அறியும்போது, கேள்வி மாறினால் சான்றின் வலிமையும் மாறும் என்பது அவர்கள் மனத்தில் பதிகிறது. மனைவியும் பிள்ளைகளும் வந்து சேராமல் காத்திருந்த காலத்தைப் பற்றி அம்மப்பாவோ அம்மம்மாவோ வீட்டில் சொன்னதை ஒரு மாணவர் கட்டுரையில் எழுத முன்வந்தால், அது ‘வெறும் வீட்டுக் கதை’ என்று ஒதுக்கப்படக் கூடாது. அமைச்சர் என்ன உத்தரவிட்டார் என்பதை அந்த நினைவு நிறுவாது. அந்த உத்தரவு ஒரு குடும்பத்தின்மீது எவ்வாறு இறங்கியது என்பதற்கு அதைவிட நெருங்கிய சான்று அறிக்கையின் பக்கங்களில் கிடைப்பது கடினம். இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கும் ஆசிரியர், பிள்ளையின் குடும்பத்துக்கு உரிய மதிப்பையும் முறையியலுக்கு உரிய கண்டிப்பையும் ஒருசேரக் காக்கிறார்.

நடைமுறையில் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குவது பலன் தருகிறது. கருத்தை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற சான்றைத் தேடும் மாணவர், தம் கருத்தையே தேடுபொறியில் இட்டு, தமக்கு ஒத்துப்போகும் பக்கங்களை மட்டும் கண்டடைகிறார். அதற்குப் பதிலாக, ஒரு வரைபடம், ஓர் அறிவிப்பு, ஒரு செய்திக் குறிப்பு என ஓரிரு சான்றுகளை மட்டும் கையில் கொடுத்து, இதைக் கொண்டு துணிந்து சொல்லக்கூடியது என்ன என்று எழுதச் செய்தால், கூற்று சான்றின் அளவுக்குச் சுருங்கி நிற்கப் பழகுகிறது. டூல்மின் அமைப்பில் வரையறைச் சொல் எனப்படும் ‘பெரும்பாலும்’, ‘அறிவிப்பின்படி’ போன்றவை அப்போது அலங்காரமாக அல்லாமல் தேவையாகவே வந்து அமர்கின்றன. ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் ‘இதிலிருந்து தெரிவது’ என்று தொடங்கும் ஒரு வாக்கியமும், ‘இதனால் மட்டும் நிறுவ முடியாதது’ என்று தொடங்கும் இன்னொன்றும் கட்டாயம் எனச் சில வாரங்கள் வைத்திருந்து, கை பழகியபின் அந்தத் தொடக்கங்களை எடுத்துவிடலாம். நீண்ட காலம் விட்டுவைத்தால் எல்லாக் கட்டுரைகளும் ஒரே அச்சில் வார்த்தவையாகிவிடும்.

மதிப்பீடு இதற்கு ஒத்துப்போகாவிட்டால் பயிற்சி வீணாகும். ‘குறைந்தது மூன்று சான்றுகள்’ என்ற அளவுகோல் இருக்கும் வரை மாணவர் மூன்றைத் திரட்டவே முயல்வார். ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு சான்றை எடுத்து ஒரு பக்கம் முழுக்க அதை விசாரித்து எழுதும் கட்டுரையை நிறைவானதாக ஏற்கும் வழக்கம், ஒன்பதாம் வகுப்பின் தேர்வில் அறிமுகமில்லாத பொருளைப் பற்றி வாதிடும்போது அதே மாணவருக்குத் துணை நிற்கும்.