முத்துக்குளிப்போனும் மூட்டை முடிச்சும்

காவிரிக் கரையிற் பிறந்தார்க்கு நீரில் மூழ்குதல் புதிய வித்தையன்று. சுவாமிமலைச் சிறார் படித்துறையினின்று குதித்து, ஆற்றின் அடிமணலை ஒரு பிடி அள்ளிவந்து தோழர்க்குக் காட்டி மகிழ்தலை நாம் கண்டிருக்கின்றோம். அவருட் சிலர் வளர்ந்து கல்லூரியிற் பயிலும் இக்காலத்தே, விடுமுறையில் அந்தமான் தீவுகட்குச் சென்று, பவளப் பாறைகளினிடையே மூழ்கிக் காண விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆயினும் அவர் கட்டும் மூட்டையைக் காணின், கடல் காணச் செல்கின்றாரோ, குடிபெயர்ந்து செல்கின்றாரோ என்னும் ஐயம் எழுகின்றது. ஆகலின், இத்தகைய பிரயாணத்துக்குக் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை, உடலைப் பேணுமாறு யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதற்கண் நம் நாட்டு முத்துக்குளிப்போனை நோக்குமின். மன்னார் வளைகுடாவிற் பன்னூறாண்டு நடந்து, தூத்துக்குடியில் 1961-ம் ஆண்டோடு நின்றுபோன அத்தொழிலில், அவன் கொண்டுசென்ற பொருள்கள் மிகச் சில: அரையில் ஒரு துணி, சிப்பி இடுதற்கு ஒரு வலைப்பை, ஒரு கயிறு, விரைந்து இறங்குதற்கு ஒரு கனத்த கல். அக்கல்லையும் அடியை அடைந்தவுடன் அவன் விட்டுவிடுவான்; தோணியிலுள்ளோர் அதனை மேலே இழுத்துக்கொள்வர். தன் பயன் முடிந்த பொருளை அவன் ஒரு கணமும் சுமந்திலன். மூச்சடக்கி ஏறக்குறைய ஒரு நிமிஷமே நீரடியில் தங்கும் ஒருவனுக்கு வீண்சுமை உயிர்க்கே இடராம் என்பதை அவன் நன்கறிந்திருந்தான்.

இக்காலத்து மூழ்குவோர்க்குக் கருவிகள் பல. 1943-ம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த கருவியின் வழிவந்த காற்றுருளையை முதுகிற் கட்டி, நீரடியில் நெடுநேரம் சுவாசித்தல் இன்று இயல்வதாயிற்று. ஆயின் காற்றுருளை, ஈயக்கட்டி, மிதவைச் சட்டை, சுவாசக் கருவி ஆகிய கனத்த பொருள்களையெல்லாம் மூழ்குதல் பயிற்றுவிக்கும் நிலையத்தாரே வாடகைக்குத் தருவர். இவற்றை வீட்டினின்று சுமந்து செல்லுதல், கொல்லைக் கிணற்றுக்கு நீர் கொண்டு செல்லுதல் போலும். காலில் அணியும் துடுப்பும் ஆண்டே கிடைக்கும்.

தன்னுடையதாக ஒன்றைக் கொள்ள விரும்புவோன் முகக்கண்ணாடி ஒன்றையே கொள்க. மாந்தர் முகம் ஒன்றுபோல் ஒன்றில்லை ஆதலின், பிறர் கண்ணாடியில் நீர் கசிதல் எளிது. வாங்குமுன், வாரைத் தலையில் மாட்டாமல், முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுக்க. கையை எடுத்த பின்னும் விழாது பற்றி நிற்குமாயின் அது தக்கது. பார்வைக் குறையுள்ளோர் அதற்கேற்ற வில்லை பதித்ததனைப் பெறலாம்.

இனி உடை. அந்தமான் கடல்நீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரை வெப்பமுடையது. நிலமும் நம் தஞ்சைச் சீமைபோல் வெம்மையும் ஈரமும் நிறைந்தது. ஆகலின் தடித்த உடைகளும், தேங்காய்ப்பூத் துவாலையும் வேண்டா. அவை உலர்வதில்லை, உலராதவை நாறும். ஈரிழைத் துண்டு இரண்டு, மெல்லிய வேஷ்டி அல்லது கைலி ஒன்று, சட்டை மூன்று, நீராடும் உடை இரண்டு, வெயில் மறைக்கும் நீண்ட கைச்சட்டை ஒன்று, தொப்பி, ரப்பர்ச் செருப்பு ஆகிய இவை ஒரு வாரத்துக்குப் போதும். ஈரிழைத் துண்டு துவட்டவும் விரிக்கவும் போர்க்கவும் ஆகும். வெயிலில் விரைந்து உலர்ந்துவிடும்.

சுமையின் அளவை அறிதற்கு நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் உண்டு. சுவாமிமலைக் கோயிலுக்குப் பிரபவ முதல் அட்சய ஈறாகிய ஆண்டுகளைக் குறிக்கும் 60 படிகள் உள்ளன. கட்டிய மூட்டையைத் தோளிலிட்டு அத்துணைப் படிகளை இடையில் இறக்காமல் ஏற இயலுமாயின் அதுவே தக்க சுமை. இயலாதாயின் மிகைச்சுமை என்க. கும்பகோணத்து நிலையத்து மேம்பாலத்தும், எழும்பூரிலும், தீவுகளின் படகுத் துறைகளிலும் ஏறுவது தானே ஆதலின், இச்சோதனை வீணன்று. உள்நாட்டு விமானங்களிற் பொதுவகுப்பினர்க்குப் பெரும்பாலும் ஒப்படைக்கும் மூட்டை 15 கிலோவும், கைப்பை 7 கிலோவுமே அனுமதிக்கப்படும். முகக்கண்ணாடி, மருந்து, அடையாளச் சீட்டு, மூழ்குதற் சான்று, ஒரு மாற்றுடை ஆகியன கைப்பையில் இருத்தல் வேண்டும்; பெரிய மூட்டை பிந்தினும் பிரயாணம் கெடாது. உதிரியான லித்தியம் மின்கலங்களையும் கைப்பையிலன்றி வைத்தலாகாது.

சுமை குறைத்தலின் உண்மைப் பயன் தோளுக்கு மட்டுமன்று. இரவெல்லாம் மூட்டை காத்து, உறங்காமல், நீர் அருந்தாமல், களைத்து வந்தடைந்தவன் மறுநாட்காலை கடலில் இறங்கின், அவன் உடல் தன் காவலை இழந்து நிற்கும். ஆகலின் சென்ற அன்று ஓய்வு கொள்க. நீர் மிகுதியும் பருகுக. தடுமன் உற்றோன் மூழ்கலாகாது. நீரில் இறங்குங்கால் காதினுள் அழுத்தத்தைச் சமப்படுத்த மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுதல் வேண்டும். சளியால் அவ்வழி அடைபட்டிருப்பின் செவிப்பறை கிழியவுங்கூடும். பணம் கட்டினோமே என்று நோயை மறைத்தல் பேதைமை. பணம் மீண்டும் வரும், செவி வாராது.

முத்துக்குளிப்போனுக்கும் இக்காலத்தானுக்கும் உள்ள பெரும் வேற்றுமை ஒன்று உண்டு. அவன் மேற்பரப்பில் ஏற்ற மூச்சையே அடக்கிச் சென்றான். அது மேலே வருங்கால் பழைய அளவே ஆயிற்று. உருளையிற் சுவாசிப்பவனோ ஆழத்தில் அழுந்திய காற்றை உட்கொள்கின்றான். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடும். 10 மீட்டரில் ஏற்ற மூச்சு மேற்பரப்பில் இருமடங்காய் விரியும். ஆகலின் இவன் மூச்சை அடக்கி மேலெழின் நுரையீரல் கிழியும். இடைவிடாது சுவாசித்தலும், மெல்ல மேலெழுதலுமே இவனுக்கு விதி.

மற்றொன்று, ஆழத்தில் நைட்ரஜன் வாயு குருதியிற் கரைந்து நிற்கும். கோலிசோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குதல்போல, அழுத்தம் விரைந்து குறையின் அவ்வாயு உடலினுட் குமிழியாகி, மூட்டுக்களை நோவச் செய்யும், முடமாக்கும், உயிரையும் போக்கும். விமானத்தினுள் அழுத்தம் தரையினும் குறைவு. ஆதலின் பல நாள் மூழ்கியவர், கடைசி மூழ்குதலுக்குப் பின் 18 மணி நேரமேனும் கழியாமல் விமானம் ஏறலாகாது என்பது மருத்துவர் கூறும் நெறி. இன்னும் ஒரு முறை என்னும் ஆசையே மூட்டைகளுள் மிகக் கனமானது. கடைசி நாளை ஸ்ரீ விஜயபுரத்தில் வைத்துக்கொள்க. 2024-ம் ஆண்டு வரை போர்ட் பிளேர் எனப்பட்ட அந்நகரில், 1906-ம் ஆண்டில் முடிந்த சிற்றறைச் சிறைச்சாலையைக் கண்டு, நாட்டுக்காக அங்கே துன்புற்றோரை நினைந்து வரலாம்.

திரும்புங்கால் பவளத் துண்டு எதனையும் எடுத்து வாராதீர். 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கின்றது. சட்டம் இல்லையெனினும், பல்லாண்டு வளர்ந்த உயிரை மேசையணியாக்குதல் அறமன்று. ஆற்றடி மணலை அள்ளிவந்த சிறுவனும் அதனைத் தோழர்க்குக் காட்டியபின் ஆற்றிலேயே விட்டான். நண்பர்காள், கைவீசிச் செல்மின், கண்ணாரக் காண்மின், சென்ற உடலோடும் நிறைந்த நெஞ்சோடும் ஊர் திரும்புமின்.