இதயம் தளரும்போது

'இதயச் செயலிழப்பு' என்றதும் இதயம் நின்றேவிட்டது எனப் பலர் அஞ்சுகின்றனர். அப்படியன்று. கைமுட்டி அளவேயுள்ள நம் இதயம், ஓய்வாயிருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அதன் தசை தளர்ந்தால் இறைப்புக் குறைகிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததையும், வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவதையும் திருவையாற்றுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்நோயில் இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன: உடல் சோர்கிறது, நுரையீரலிலும் காலிலும் நீர் கோக்கிறது.

படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று பாட்டி இன்னொரு தலையணை கேட்கிறாரா? வீங்கிய காலில் விரல் அழுத்திய இடம் குழிகிறதா? 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் எக்கோ பரிசோதனையால் இதயத்தின் வலுவை அறிவார்.

மாரடைப்பு, உயர் இரத்த அழுத்தம், மது, வைரஸ் கிருமி, பரம்பரை ஆகியவை இதயத் தசையைக் கெடுக்கலாம். பிள்ளை பெற்ற இளந்தாய்மாருக்கும் அரிதாக இது வருவதுண்டு. மூச்சு சீரானதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. உப்பையும் குறைக்கவேண்டும். மோர் மிளகாயும் வடுமாங்காயும் இல்லாத தயிர்ச்சோறா என்று தாத்தா கோபிக்கத்தான் செய்வார்! நாள்தோறும் காலையில் எடை பார்ப்பது நன்று. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையன்று, நீர்.

மருந்துக்கும் அடங்காத நிலையில் சிலருக்கு மாற்று இதயம் பொருத்துவர். இந்தியாவில் இது முதன்முதலாக 1994 ஆகஸ்டு 3 அன்று டில்லியில் டாக்டர் வேணுகோபால் குழுவினரால் வெற்றிகரமாக நடந்தது. 2008இல் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோரே தானம் செய்தனர். சென்னைப் போலீசார் சாலையை ஒழித்துத் தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சுமார் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்த அவ்விதயம் 9 வயதுச் சிறுமியொருத்திக்குப் பொருத்தப்பட்டது.